நூறு தடவை மாற்றிப் பார்த்த பிறகு எழுதுங்கள்: சின்ன ரோபோ காரைச் சோதிக்கும் முறை

சித்ரா பௌர்ணமிக்குப் புஷ்பப் பல்லக்கு பார்க்க வேலூர் டவுனுக்குப் போயிருந்தோம். கோட்டைப் பக்கம் நடைபாதைக் கடையில் என் பையன் ஒரு சிவப்பு காரைக் கையில் எடுத்தான். கதவை இழுத்தால் கை, பின்பக்கத்தை இழுத்தால் கால், முன்பக்கத்தை மடக்கினால் மார்பு. ரோபோவாக எழுந்து நிற்கும். விலை 120 ரூபாய். பொங்கலுக்கு அவன் ஆயா கொடுத்த காசை அதுவரை செலவழிக்காமல் வைத்திருந்தான், அதில் வாங்கினான். அன்று ராத்திரி தூங்கும்வரை அதை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். படுக்கப் போகும்போது ரோபோவின் வலது தோளில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் தோள் தனியாக வந்துவிட்டது. அவன் அழவில்லை. உடைந்த கையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, "ஒட்டிக் குடும்மா" என்றான்.

அந்த வெள்ளைக் கோடுதான் என்னை உறுத்தியது. நான் மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். லைனில் வரும் ஷூவை எடுத்து மடக்கி, வெளிச்சத்தில் திருப்பி, தையலையும் ஒட்டலையும் பார்த்து அனுப்புவது என் வேலை. மேல்பூச்சு வெடிப்பதற்கு முன்னால் மடிப்பில் லேசாக வெளுக்கும். அந்த வெளுப்பைப் பார்த்து ஜோடியை ஒதுக்கத்தான் எனக்குச் சம்பளம். கம்பெனியில் விடாத ஒன்றை வீட்டில் விட்டிருக்கிறேன்.

வேறு ஒன்று வாங்கித் தரலாம் என்று, இதே மாதிரி பொம்மையை வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். "சூப்பர்", "குழந்தைக்குப் பிடித்திருக்கிறது", "இந்த விலைக்கு ஓகே". எந்த மூட்டு முதலில் போகும், சக்கரம் நான்கும் தரையில் படுமா, ஏழு வயதுப் பிள்ளை தானாக மாற்றுமா என்று ஒருவர்கூட எழுதவில்லை. பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிஷத்தில் எழுதியவர்களாக இருக்க வேண்டும். "இந்த விலைக்கு ஓகே" என்ற வார்த்தையை நான் ஏற்கவே மாட்டேன். 120 ரூபாய் நமக்குச் சின்னப் பணமாக இருக்கலாம். என் பையனுக்கு அன்று இருந்த பணமே அவ்வளவுதான்.

சின்னது, மலிவானது என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது இந்தப் பொம்மையின் கதைக்கும் பொருந்தாது. ஜப்பானில் பண்டாய் கம்பெனி 1982-ல் மெஷின் ரோபோ என்று உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைகளைக் கொண்டுவந்தது. ஒன்று 600 யென், அதனால் அந்த வரிசைக்கே 600 என்று பெயர். தகாரா கம்பெனி மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசையில் குட்டிக் கார் ரோபோக்களைச் செய்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை எடுத்து 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்றது. எல்லோருக்கும் தெரிந்த மஞ்சள் பம்பிள்பீ அப்படி வந்ததுதான். முதலில் அது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காராக மாறும் சின்னப் பொம்மை, அந்த வரிசையிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று. சில அசைவுகளில் மாறிவிடும். நாற்பது வருஷம் தாண்டியும் அந்தக் காலத்துப் பொம்மைகளைப் பத்திரமாக வைத்து மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆக, குறைந்த விலையில் சின்னதாக, ஒழுங்காகச் செய்ய முடியும். செய்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை.

அந்தச் சிவப்பு காருக்குப் பிறகு இதுவரை பதினொரு பொம்மைகளைச் சோதித்து எழுதியிருக்கிறேன். சில எங்கள் வீட்டுடையவை, மற்றவை எங்கள் தெருப் பிள்ளைகளுடையவை. செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

கடையில் பார்க்க வேண்டியது

அட்டையைத் திருப்பி ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் அது கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பேட்டரி போடும் பொம்மை என்றால் எண் ஐஎஸ் 15644. நான் பார்த்த பதினொன்றில் நான்கில்தான் முத்திரை இருந்தது. குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் வாங்கிய இரண்டுக்கும் அட்டையே கிடையாது, வெறும் பிளாஸ்டிக் உறை. முத்திரை இல்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். எங்கே வாங்கியது, என்ன விலை, அட்டையில் எத்தனை வயது போட்டிருக்கிறது, எல்லாம் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.

அட்டைப் படத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் வாங்குபவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாம்பிள் ஷூ ஒன்று எங்கள் மேஜையில் இருக்கும், எதையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுவோம். பொம்மைக்கு அட்டைப் படம்தான் அந்தச் சாம்பிள். படத்தில் முட்டி மடங்கியிருந்து கையில் இருப்பது மடங்காவிட்டால் அது ஏமாற்று. அதை எழுத வேண்டும்.

பிரித்தவுடன்

தேவையான சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். சமையலறைத் தராசு, ஸ்கேல், கொஞ்சம் பஞ்சு, ஈர வெள்ளைத் துணி, சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு நோட்டு. பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். டியூப் லைட்டில் பெயின்ட் வழிந்திருப்பதும் கீறலும் சரியாகத் தெரியாது.

எடையும் நீளமும் குறித்துக்கொண்டு, முதலில் முகர்ந்து பாருங்கள். பசையும் சாயமும் இருக்கும் இடத்தில் வருஷக்கணக்காக வேலை செய்வதால் எனக்கு இது பழக்கம், ஆனால் யாருக்கும் தெரியும். மெத்தென்ற ரப்பர் மாதிரி பாகம் இருந்தால் காட்டமான வாடை வரும். காற்றில் ஒரு நாள் வைத்த பிறகும் அதே வாடை இருந்தால் எழுதிவிடுங்கள். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

அப்புறம் பஞ்சு. ஒரு சின்ன உருண்டையை எடுத்து பொம்மையின் ஓரங்கள் எல்லாவற்றிலும் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். பொம்மையை வார்க்கும் அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய தகடு போல நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு அங்கே மாட்டி இழை இழையாக நிற்கும். பிள்ளையின் விரல் அதே இடத்தைத்தான் நூறு தடவை பிடிக்கப் போகிறது. சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவும் கதவின் கீழ் ஓரமும் எப்போதும் சந்தேகத்துக்கு உரியவை. கொஞ்சமாக மாட்டினால் நகம் தேய்க்கும் அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். நான் அப்படிச் சரி செய்தேன் என்பதையும் எழுதுவேன், ஏனென்றால் வாங்குகிற எல்லோரும் தேய்க்கப் போவதில்லை.

இப்போது கழன்று வரக்கூடிய சின்னப் பாகங்கள். துப்பாக்கி, கை முஷ்டி, பின் கண்ணாடி, இவற்றைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பிள்ளை இதைவிடப் பலமாக இழுக்கும். வந்துவிட்டால் அளந்து பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்காகச் சோதனைச்சாலையில் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர் உள்ள ஒரு குழல், அடிப்பக்கம் சாய்வாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, இன்னொரு பக்கம் 57.1 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுருட்டி இதே அளவில் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து எங்கள் வாசலில் கிடப்பதை எல்லாம் எடுக்கிறது. பையனுக்கு ஏழு வயது ஆகிவிட்டது என்று விட்டுவிட முடியாது.

விளக்கு எரிகிற, சத்தம் போடுகிற பொம்மை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி மூடியைப் பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பட்டன் பேட்டரி. மூடியில் ஸ்க்ரூ இருக்க வேண்டும், நகத்தால் திறக்க வரக்கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் அந்த இடத்தை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நகத்தால் திறக்கும் மூடியுள்ள பொம்மை எவ்வளவு அழகாக மாறினாலும் என் தாளில் அதற்கு ஒரே வரிதான்: வாங்காதீர்கள்.

கம்பெனியில் குறைகளை மூன்றாகப் பிரிப்போம், கிரிட்டிக்கல், மேஜர், மைனர் என்று. தையல் ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டும்வரை அந்த மெஷின் ஓடாது. ஒரு துண்டு ஷூவுக்குள் போனால் அது கிரிட்டிக்கல். நூல் பிசிறு மைனர். பொம்மைக்கும் இதே பிரிவு போதும். கூரான ஓரம், கழன்று வரும் சின்னப் பாகம், திறந்துகொள்ளும் பேட்டரி மூடி கிரிட்டிக்கல். பூட்டாத கால், தேயும் மூட்டு, நிற்காத ரோபோ மேஜர். பெயின்ட் வழிந்தது, ஸ்டிக்கர் கோணல் மைனர். ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். பெயின்ட் கோணலுக்கு ஒரு நட்சத்திரம், விரலை அறுக்கும் ஓரத்துக்கும் ஒரு நட்சத்திரம் என்று குறைத்தால் படிப்பவருக்கு என்ன புரியும்?

மாற்றிப் பார்ப்பது

இதுதான் முக்கியம், இதற்கு நேரம் ஒதுக்குங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குகிறேன்.

முதல் தடவை விளக்கத் தாள் இல்லாமல் மாற்றிப் பாருங்கள், போனில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே திரும்பும் என்று தடவிப் பார்க்கும்போதே பொம்மையைச் செய்தவரின் யோசனை தெரியும். நல்ல பொம்மையில் திரும்ப வேண்டிய பாகம் விரலுக்கு வழி விடும், திரும்பக் கூடாத பக்கம் ஒரு தடுப்பு இருக்கும். மோசமானதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்கும். அப்போது முரட்டுத்தனம் வேண்டாம். எந்த நாக்கு, அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு, எந்தப் பள்ளத்தில் மாட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முக்கால்வாசி உடைவது இங்கேதான்: மாட்டியிருக்கும் நாக்கை விடுவிக்காமல் மூட்டைத் திருப்புவது.

அடுத்தது தாளைப் பார்த்து. பல தாள்களில் படம் தபால் தலை அளவு இருக்கிறது, அம்புக்குறி எந்தப் பாகத்தைக் காட்டுகிறது என்று தெரியவில்லை. எத்தனை படி, எந்தப் படியில் குழப்பம் என்று குறியுங்கள். நீங்கள் கண்டுபிடித்த வழி தாளில் உள்ளதைவிட எளிது என்றால் அதை எழுதுங்கள், அந்த ஒரு வரிக்காகவே உங்களை வாழ்த்துவார்கள்.

மூன்றாவது, பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இது எனக்குக் கஷ்டம். என் பையன் அந்த முதல் சிவப்பு காரை மாற்ற ஆறு நிமிஷம் எடுத்தான். அவன் ஆயாவுக்குப் பதினொரு நிமிஷம் ஆனது, ஆனால் ஒரு இடத்திலும் பலம் போடவில்லை. வாழைப்பூ உரிக்கிற மாதிரி வரிசையாகத் திறந்தார். அவர் எந்த மூட்டில் நின்று யோசித்தாரோ அந்த மூட்டில்தான் பையன் பலம் போட்டான் என்பதைப் பிற்பாடு நோட்டைப் பார்த்தபோது கண்டுபிடித்தேன். இப்போது ஒவ்வொரு பொம்மையையும் ஒரு சின்னக் கையிலும் ஒரு வயதான கையிலும் கொடுத்துப் பார்க்கிறேன்.

பிறகு எண்ணிக்கை. ஷூவை மெஷினில் போட்டு ஆயிரக்கணக்கான தடவை மடக்கிப் பார்ப்பார்கள். நமக்கு நூறு போதும். காரிலிருந்து ரோபோ, ரோபோவிலிருந்து கார், இது ஒன்று. நோட்டில் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், இரண்டு நாளில் முடியும். பத்தாவது, முப்பதாவது, நூறாவது தடவையில் நிறுத்தி ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள்.

பார்க்க வேண்டியது அந்த வெளுப்பைத்தான். கலர் பிளாஸ்டிக் தாங்க முடியாத அளவுக்கு வளையும்போது அந்த இடம் வெள்ளையாகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டாகிவிட்டன என்று அர்த்தம். சிவப்பிலும் கறுப்பிலும் நன்றாகத் தெரியும். வெள்ளைப் பொம்மையில் தெரியாது, நகத்தால் தடவித்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இன்னும் மோசம். வெளுப்பே காட்டாமல் திடீரென்று டக்கென்று உடையும். ஜன்னல் பாகத்திலேயே மூட்டையும் சேர்த்து வார்த்திருந்தால் அந்தப் பொம்மையின் பலவீனம் அங்கேதான்.

மூட்டுகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் எழுதுவது எளிது. ஒன்று இரும்பு ஊசி செருகிய மூட்டு. இது அதிகம் தேயாது, ஆனால் ஊசியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மெல்லியதாக இருந்தால் பிளந்துவிடும். இன்னொன்று பந்தும் கிண்ணமும் உள்ளது. இழுத்தால் கழன்று வரும், அழுத்தினால் மறுபடி உட்காரும். பந்து மூட்டு கழன்று வந்ததைப் பார்த்து "முதல் நாளே உடைந்துவிட்டது" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. பலம் அதிகமானால் உடையாமல் கழன்று வர வேண்டும் என்றே வைத்தது அது. சின்னப் பிள்ளைக்கு இந்த மூட்டுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

காராக, ரோபோவாக

காராக மாற்றி சமதரையில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் அந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை. மூன்று சக்கர கார்கள் நிறைய இருக்கின்றன. கால் இரண்டும் சரியாகப் பூட்டாததால் ஒரு பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். அடுத்து, பலகையின் ஒரு முனைக்கு இரண்டு பாடப்புத்தகம் கொடுத்துச் சாய்த்து காரை விடுங்கள். எவ்வளவு தூரம் போகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, அடியில் ரோபோவின் தலை தரையில் உரசுகிறதா, ஓடும்போது கதவு தானாகத் திறக்கிறதா, இதெல்லாம் பார்க்க வேண்டும். பெரியவர்கள் எழுதும்போது ரோபோவைப் பற்றியே எழுதுகிறார்கள். என் பையன் பாதி நேரம் அதைக் காராகத்தான் ஓட்டினான்.

ரோபோவாக நிற்க வைத்து மின்விசிறியை ஐந்தில் வையுங்கள். கார் மேல்பாகம் முழுவதும் முதுகில் மூட்டையாகத் தொங்கும் பொம்மை பின்பக்கம் சாயும். சிமென்ட் தரையில் நிற்பது பாயில் நிற்காது. இரண்டிலும் பார்த்து எழுதுங்கள்.

கீழே போட்டும் பார்க்க வேண்டும். பிள்ளையின் இடுப்பு உயரத்திலிருந்து முதலில் பாயில், பிறகு தரையில், மூன்று மூன்று தடவை. ஈர வெள்ளைத் துணியால் முகத்தையும் மார்பையும் ஐம்பது தடவை தேய்த்துப் பாருங்கள். ஷூவுக்கு நாங்கள் செய்யும் ரப் டெஸ்ட் இதுவே. துணியில் சாயம் ஏறினால் பிள்ளையின் வியர்வைக் கையிலும் ஏறும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், வெயில். ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். மத்தியானம் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் வைத்து எடுங்கள். கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டிக்கர் ஓரம் தூக்கும், மெத்தென்ற பாகம் வளைந்துவிடும், சில மூட்டுகள் தளரும். நாங்கள் பார்த்ததில் ஸ்டிக்கர் ஒட்டிய ஆறு பொம்மைகளில் ஐந்தில் ஸ்டிக்கர் தூக்கியது. அச்சிட்ட முகமும் அச்சிட்ட விளக்கும் உள்ள பொம்மைக்கு எங்கள் ஊரில் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

எழுதுவது

நீளமாக வேண்டாம். நான் எழுதும் மாதிரி ஒன்று, அந்தச் சிவப்பு காருக்குப் பதிலாக வாங்கிய இரண்டாவது சிவப்பு காருடையது:

"வேலூரில் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியது, 180 ரூபாய். நீளம் 11 சென்டிமீட்டர், எடை 64 கிராம். ஐஎஸ்ஐ முத்திரை உண்டு. பேட்டரி இல்லை. கிரிட்டிக்கல் குறை எதுவும் இல்லை. இடது கதவின் கீழ் ஓரத்தில் பஞ்சு லேசாக மாட்டியது, தேய்த்துவிட்டேன். எட்டு படி. ஏழு வயதுப் பையன் தாளைப் பார்த்து நான்கு நிமிஷத்தில் மாற்றினான், மூன்றாவது நாள் பார்க்காமலே அரை நிமிஷத்தில். ஐந்தாவது படியில் காலை இழுக்கும் முன் பின்கண்ணாடியைத் தூக்க வேண்டும், தாளில் அது இல்லை. தூக்காமல் இழுத்தால் இடுப்பு நாக்கு வெளுக்கிறது. நூறு தடவைக்குப் பின் தோள் உறுதி, வலது இடுப்பு கொஞ்சம் தளர்ச்சி. நான்கு சக்கரமும் தரையில் படுகின்றன. ரோபோ விசிறிக் காற்றில் சிமென்ட் தரையில் நின்றது, பாயில் விழுந்தது. தரையில் போட்டபோது இரண்டு தடவை கை கழன்றது, மாட்டினால் உட்கார்ந்தது. முட்டி மடங்காது, படத்தில் மடங்குகிறது. ஆறு வயதுக்கு மேல் கொடுக்கலாம். நான் மறுபடி வாங்குவேன்."

கடைசி வரியை மட்டும் கட்டாயம் எழுதுங்கள், மறுபடி வாங்குவேன் அல்லது மாட்டேன். நடுவில் நிற்கக் கூடாது. விலையை முதல் வரியில் ஒரு தடவை சொன்னால் போதும், குறைகளுக்குச் சமாதானமாக அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். பிள்ளை சொன்னதைப் பிள்ளை சொன்ன மாதிரியே சேருங்கள். "கால் இழுக்கும்போது பயமா இருக்கு" என்று எதிர் வீட்டுப் பெண் ஒரு பொம்மையைப் பற்றிச் சொன்னாள். இடுப்பு மூட்டு இறுக்கம் என்று நான் எழுதியதைவிட அது தெளிவாக இருந்தது. நல்லதையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். 150 ரூபாய் நீல வேன் ஒன்றில் கதவைத் திருப்பினால் உள்ளே மடங்கியிருக்கும் முஷ்டி தானாக வெளியே வருகிறது. அதைச் செய்தவர் யாரென்று தெரியாது. அந்த ஒரு அசைவுக்காக நான்கு வரி எழுதினேன்.

உடைந்தால், தளர்ந்தால்

எப்படிச் சரி செய்வது என்று எழுதாத விமர்சனம் பாதிதான்.

பந்து மூட்டு தளர்ந்துவிட்டால் பந்தைக் கழற்றி, கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரமாக மாட்டினால் ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகப் போய்விடும். போதவில்லை என்றால் இன்னொரு பூச்சு. ஊசி விழுந்துவிட்டால் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அளவாக வெட்டிச் செருகலாம், முனையைத் தேய்த்துவிடுங்கள். வெட்டிய முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நாமே கிரிட்டிக்கல் குறையை உண்டாக்குகிறோம். ஃபெவிகுவிக் மாதிரி உடனே ஒட்டும் பசையை ஜன்னல் பாகத்துக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். திரும்பும் மூட்டிலும் அதை விட வேண்டாம். உடைந்த தோளை அப்படித்தான் நான் முதலில் ஒட்டினேன். கை நின்றது, ஆனால் திரும்பவில்லை. பிறகு அந்தப் பசையை வெட்டி எடுத்து, சூடேற்றிய ஊசியால் இரண்டு துண்டிலும் துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை உள்ளே வைத்துச் சேர்த்தேன். துளை போடுவது பெரியவர்கள் வேலை, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

எழுதிய தாளை மூடிவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஒரு வரி, மூன்று மாதம் கழித்து ஒரு வரி சேருங்கள், தேதியோடு. புஷ்பப் பல்லக்கு அன்று வாங்கிய முதல் காரின் தாளில் நான் கடைசியாகச் சேர்த்த வரி: "ஆகஸ்ட் 15. கம்பி வைத்த வலது தோள் அப்படியே இருக்கிறது. இடது தோளில் இன்று வெள்ளைக் கோடு பார்த்தேன். பையனிடம் காட்டினேன். அந்தக் கையை இனி மெதுவாகத் திருப்புவதாகச் சொன்னான்."